இசட் டிரைவ்

இரண்டாம் நம்பர் மெஷினில் மட்டும் படம் தெரிகிறது.
மற்ற மூன்றிலும்
பெயர் வருகிறது, சர்வே எண் வருகிறது,
மாவும் குழியும் சுத்தமாக வருகின்றன.
படம் வரவேண்டிய கட்டத்தில்
ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல்குறி.
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பெருக்கல்குறிகள்.

"வைரஸ்" என்றார் கணக்குப் பிரிவு வைத்தியலிங்கம்.
"நெட்டு ஸ்லோ" என்றாள் பிலோமினா.
சார் எட்டிப் பார்த்து
"கலெக்டர் ஆபீஸ் ஆள் நாலு மணிக்கு" என்றார்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்
அந்த ஜீப்பை இருபது நிமிஷமாவது நிறுத்தும்.
அது ஒன்றுதான் எங்கள் கையிருப்பு.

நான் தினக்கூலி.
இந்த ஆபீஸின் எந்தப் பதிவேட்டிலும் என் பெயர் கிடையாது,
படக் கட்டத்தின் பாஸ்வேர்டு மட்டும் உண்டு.

முதலில் ரீஸ்டார்ட், அது எங்கள் குலவழக்கம்.
பிறகு கேபிளைப் பிடுங்கி, ஊதி, சொருகினேன்.
அதற்கும் பிறகுதான்
கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று
படிக்கத் தோன்றியது.

படத்தை யாரும் உள்ளே வைக்கவில்லை.
படம் குடியிருக்கும் விலாசத்தை வைத்திருக்கிறார்கள்.
இசட் டிரைவ், வெள்ளம், கார்த்திகை, அதன் கீழ் ஊர்.
இரண்டாம் நம்பருக்கு அந்த அலமாரி இசட்.
வைத்தியலிங்கத்துக்கு அதே அலமாரி ஒய்.
பிலோமினாவின் மெஷினுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
ஒரே வாய்க்காலுக்கு ஊருக்கொரு பெயர் இருக்கும் தாலுக்காவில்
இதில் வியக்க என்ன இருக்கிறது.

ஏற்றிய பையன் இளஞ்சேரன்
மூன்று வாரம் வேலை பார்த்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டான்.
போனை எடுத்தான். பின்னால் தையல் மெஷின்கள்.
"என் மெஷின்ல வந்துச்சேக்கா" என்றான்.
வந்திருக்கும். அவன் பொய் சொல்லவில்லை.

நகல் எடுத்து வைத்துக்கொண்டு
ஒற்றை எழுத்தை அழித்து
சர்வரின் சொந்தப் பெயரை எழுதினேன், ஒரே ஒரு பதிவுக்கு.
வைத்தியலிங்கத்தின் நாற்காலிக்கு ஓடினேன்.
வந்தது:
முழங்கால் தண்ணீரில் மடித்துக் கட்டிய கைலி,
நெஞ்சுக்கு நேரே ஆதார் அட்டை,
பின்னால் படுத்துவிட்ட சம்பா.
அப்புறம் மொத்தத்தையும் மாற்றினேன்.

நாற்பத்தொன்று அடம்பிடித்தன.
பூவனூர் ஃபோல்டரை யாரோ
'பூவனூர் புதுசு' ஆக்கியிருக்கிறார்கள்.
யார் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.
பிலோமினா சொல்லாமலே போய் டீ வாங்கி வந்தாள்.

மூன்று ஐம்பதுக்கு ஒன்று மிச்சம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
பெருக்கல்குறி இல்லை, படமும் இல்லை,
வெறும் சாம்பல் கட்டம்.
விலாசம் சரி. கோப்பு இருக்கிறது. எடை இருக்கிறது.
வேறொன்றில் திறந்தேன், அதே சாம்பல்.
பெரிதாக்கினேன்.
மேல் மூலையில் நகத்தளவு ஓடு,
மோட்டார் கொட்டகையின் உச்சி.
மீதி தண்ணீர்.
அது எங்கே முடிந்து வானம் தொடங்குகிறது என்று
கேமராவுக்கும் தெரியவில்லை.

"அந்த ஒண்ணு இன்னும் வரலியேம்மா."
"வந்துருச்சு சார். இதான் படம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
வாய்விட்டு வாசித்தார்.
தெய்வானை, கணவர் மாசிலாமணி,
ரெண்டு மா இருபது குழி.
சேதம், முப்பது சதவீதம்.

முப்பத்துமூன்றுக்குக் கீழே ஒன்றும் கிடையாது என்பது
டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும்.
படம் வராத மெஷினில் உட்கார்ந்து
யாரோ குத்துமதிப்பாகப் போட்டது.
அந்தக் கட்டத்துக்கு என் பாஸ்வேர்டு செல்லாது.

தூரத்தில் கேட் மணி நின்றது.
வண்டிகள் மொத்தமாக ஹாரன் அடிக்கத் தொடங்கின.
சார் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கம்மா" என்றார்.
திரும்பிக்கொண்டேன்.
ஆறிப்போன டீயைப் பார்த்தபடி எண்ணினேன்.
எட்டுத் தட்டு.
ஒரு என்டர்.